நிழலில்லாத மேகம்

அத்தியாயம் 7

கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்றுதான் சின்னச் சகலை நினைத்தார். வெளியே தாழ்ப்பாள் விழுந்து, அதில் பூட்டும் ஏறிய பிறகுதான், காற்றுக்குப் பூட்டுப் போடத் தெரியாதே என்று அவருக்கு உறைத்தது.

“சகல, நம்மள உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க.”

“அப்படித்தான் தெரியுது,” என்றார் பெரிய சகலை. அறையின் நடுவில் மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டிய கதவைவிட அது அவருக்குச் சுவாரசியமாக இருந்தது போலும்.

இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அக்காவைக் கட்டியவர் பெரிய சகலை. காணாமல் போன மனிதர்களையும் பொருள்களையும் தேடித் தருவது அவர் தொழில். தங்கையைக் கட்டியவர் சின்னச் சகலை. கல்யாணப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர், ஸ்டுடியோவை இழுத்து மூடிய பிறகு மாமியாரின் சிபாரிசில் உதவியாளராக வந்து சேர்ந்தார். வயதில் நாலு வருடம் மூத்தவரும் அவர்தான், ஒரு தலை உயரமானவரும் அவர்தான். ஆனாலும் வீட்டில், தெருவில், ஆபீஸ் போர்டில் எல்லா இடத்திலும் அவர் சின்னவர். இந்த அநியாயத்தை அவர் எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்ல முடியும்?

கதவுக்கு வெளியே மேலாளரின் குரல் கேட்டது. காலையில் அவர்கள் ஆபீஸுக்கு வந்து கைகூப்பிக் கெஞ்சிய அதே குரல். இப்போது அதில் கெஞ்சல் மட்டும் இல்லை.

காலையில் அவர் சொன்ன கதை இது. அவருடைய நிறுவனம் செயற்கைக்கோள் படங்களை வாங்கிச் சுத்தம் செய்து வரைபடம் போடுகிறது. நகரத்துக்குக் குடிதண்ணீர் தரும் ஏரியும் அதைச் சுற்றியுள்ள காப்புக்காடும் மாதாமாதம் அவர்கள் வரைபடத்தில் ஏறும். நீர் வழங்கல்காரர்கள், தீயணைப்பு, போலீஸ் எல்லோரும் பார்ப்பது அதைத்தான். படங்களில் குறுக்கே வரும் மேகங்களை நீக்குவது ஒரு பெண்ணின் வேலை. ஆபீஸில் அவளுக்குப் பட்டப்பெயரே மேகக்காரி. மூன்று நாளாக அவளைக் காணோம். அவளுடைய கம்ப்யூட்டரில் ஏதாவது துப்புக் கிடைக்குமா பாருங்கள் என்றார். கம்ப்யூட்டரை ஏரிப்பக்கம் ஒரு கிடங்குக்கு எடுத்துப்போய் வைத்திருப்பதாகச் சொல்லி, தன் காரில் முன்னால் போனார். இவர்கள் பின்னாலேயே நாற்பது நிமிடம் வந்தார்கள். ஆவண அறைக்குள் போன் கூடாது என்று வாசலில் காவலாளி கேட்டபோது, இரண்டு புத்திசாலிகளும் போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தார்கள்.

இப்போது கதவின் இடுக்கு வழியாக மீதிக் கதை வந்தது. அவள் ஒரு படத்தை, மேகம் நீக்காத அசல் படத்தை, இந்தக் கம்ப்யூட்டருக்குள் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள். அதை வைத்துக்கொண்டு தன்னை மிரட்டினாள். பிறகு ஆளையே காணோம். அந்தப் படம் எங்கே என்று கண்டுபிடித்துச் சொன்னால் கதவு திறக்கும்.

“நாலு மணிக்கு என் மாமனார் வருவார். அவர் என்னை மாதிரிப் பொறுமையாப் பேசற ஆள் இல்ல,” என்றார் மேலாளர். காலடிச் சத்தம் நகர்ந்தது. கார் கிளம்பியது. பிறகு காவலாளியின் ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

சுவர்க் கடிகாரம் இரண்டு அடித்துப் பத்து நிமிடம் காட்டியது.

அறைக்கு ஜன்னல் இல்லை. தகரக் கூரையிலிருந்து அனல் இறங்கியது. ஒரு பக்கம் கதவு, எதிர்ப்பக்கம் சுவர் முழுக்க இரும்பு அலமாரி, அதில் மேலிருந்து கீழ்வரை பழைய வரைபடப் பெட்டிகள். சின்னச் சகலை சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். இரண்டு வருடத்துக்கு முன் அவர் மாமியாரோடு லிஃப்டில் ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டவர். அன்றிலிருந்து ஏழு மாடியானாலும் படிதான். காரணம் லிஃப்டா மாமியாரா என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. மூடிய இடத்தில் நின்றால் சுவர்கள் கிட்டே வருகிற மாதிரி இருக்கும். அதனால் நடக்க ஆரம்பித்தார். கதவிலிருந்து அலமாரி, அலமாரியிலிருந்து கதவு. மனசு வேறெங்கும் ஓடாமலிருக்க, வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தார்.

“இருபத்தாறு,” என்றார் அலமாரியைத் தொட்டு.

“நடந்துட்டே பேசுங்க, எண்ணிட்டே பேசாதீங்க,” என்றார் பெரிய சகலை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு மென்பொருளைத் திறந்திருந்தார்.

திரையில் ஏரி வந்தது. ஓரத்தில் ஒரு பட்டியல், ஒவ்வொரு வரிக்கும் ஒரு சின்னக் கட்டம். கட்டத்தில் குறியிட்டால் ஒரு மாதத்துப் படம் தெரிகிறது, எடுத்தால் மறைகிறது. கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது போலத்தான். பெரிய சகலை அரை மணி நேரம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். மேலாளர் ஏற்கெனவே எல்லாவற்றையும் புரட்டியிருந்தது தெரிந்தது. எங்கேயும் அசல் படம் இல்லை.

“நீங்க போட்டோக்காரர்தானே சகல. வேண்டாத படத்தையெல்லாம் எங்க போடுவீங்க?”

“குப்பைல. என் கல்யாணப் போட்டோவும் அங்கதான் கெடக்கு.”

பெரிய சகலை சிரிக்கவில்லை. திரையில் பட்டியலின் அடிக்குப் போய் ஒரு பெட்டியைத் திறந்தார். அதன் பெயர் ‘தேறாதவை’. மேகம் முழுக்க மூடி, எதற்கும் உதவாமல் போன நாட்களின் படங்கள். இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் பெயரிலும் தேதி, பக்கத்தில் மேகம் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. அந்தத் தொழிலில் இருக்கிற யாரும் அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வெள்ளையாக மூடிக்கிடக்கிற படத்தில் பார்க்க என்ன இருக்கிறது? மேலாளரும் பார்த்திருக்கமாட்டார். ஒளித்து வைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆனால் ஒரு படம் திறக்க ஐந்து நிமிடம் பிடித்தது. இருநூற்றுப் பன்னிரண்டையும் திறப்பதற்குள் நாலு மணி என்ன, நாளை நாலு மணியே வந்துவிடும். அதனால் பெரிய சகலை படங்களைத் திறக்காமல் தேதிகளை மட்டும் படிக்கத் தொடங்கினார். இன்ன தேதி, தொண்ணூற்றைந்து சதவீதம். இன்ன தேதி, தொண்ணூற்றெட்டு. சின்னச் சகலை நடந்துகொண்டே கேட்டார். என்றைக்கோ மழை பெய்ததா வெயில் அடித்ததா என்று யாருக்கு ஞாபகம் இருக்கும் என்று அலுத்துக்கொண்டார்.

“பதினேழாம் தேதி, சனிக்கிழமை. மேகம் தொண்ணூத்தேழு சதவீதம்.”

சின்னச் சகலை பாதி அறையில் நின்றார்.

“போன மாசத்துக்கு முந்தின மாசமா? அன்னிக்குத்தானே நம்ம மச்சான் வீடு மாத்தினான்.”

பெரிய சகலை மெல்லத் திரும்பினார். இருவருக்கும் ஒரே மச்சான். அவன் வீடு மாறிய நாளில் மூன்று மாடிக்கு மரப் பீரோவைத் தூக்கியவர் சின்னச் சகலை. கூடவே சுவர்க் கடிகாரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு, பார்த்துப் பார்த்து என்று வழி சொன்னவர் பெரிய சகலை. அந்தப் பீரோவைச் சின்னவர் இன்னும் மன்னிக்கவில்லை.

“அன்னிக்கு வானத்துல பொட்டு மேகம் கெடையாது. கழுத்துத் தோலு உரிஞ்சுது எனக்கு. நாலு நாள் சட்டைக் காலர் போட முடியல,” என்றார். “தொண்ணூத்தேழு சதவீதம் மேகமாம். எழுதினவளை வந்து பீரோவத் தூக்கச் சொல்லுங்க.”

படத்தைத் திறந்தார்கள். ஐந்து நிமிடம் ஐந்து மணி நேரமாக நகர்ந்தது. பட்டை பட்டையாகப் படம் இறங்கியது. துடைத்து வைத்த மாதிரித் தெளிவான வானம். ஏரி, கரை, காடு. ஒரு மேகமும் இல்லை.

“கிடைச்சிருச்சு!” சின்னச் சகலை கதவுப் பக்கம் பாய்ந்தார். பெரிய சகலை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“எங்க போறீங்க?”

“சொல்லிட்டு வெளிய போக வேண்டாமா?”

“ஒரு படத்துக்காக ரெண்டு பேரைப் பூட்டி வெச்சவன், அந்தப் படத்தைப் பார்த்துட்ட ரெண்டு பேரைத் திறந்து விடுவானா?”

சின்னச் சகலை கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கண்டுபிடிக்காவிட்டால் மாமனார். கண்டுபிடித்தாலும் மாமனார். கட்டிக்கொண்டதில் கிடைத்த ஒரு மாமனார் போதாதென்று, அடுத்தவன் மாமனாரிடமும் மாட்டிக்கொள்ள வேண்டுமா? மறுபடி நடக்க ஆரம்பித்தார். இருபத்தாறு. திரும்பி இருபத்தாறு.

பெரிய சகலை அந்த மாதத்து வரைபடத்தை அசல் படத்தின் மேல் போட்டுக் கட்டத்தை மாற்றி மாற்றித் தட்டினார். இரண்டும் ஒன்றுதான். ஒரே ஒரு இடம் தவிர. காப்புக்காட்டின் நடுவில், அசலில் வெள்ளையாக நீள்சதுரம் ஒன்று இருந்தது. வரைபடத்தில் அந்த இடத்தில் வெறும் புதர். ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: ‘மேகம் நீக்கி, முந்தைய ஆண்டுப் படத்தால் நிரப்பப்பட்டது.’ அதற்கு முந்தைய மாதத்தைப் பார்த்தார். அதே இடம், அதே குறிப்பு. எட்டு மாதம் பின்னால் போனார். எட்டு மாதமும் அதே இடத்தில் அதே மேகம்.

“இப்படி ஒரு விசுவாசமான மேகம் எங்கயும் பார்த்ததில்ல,” என்றார்.

சின்னச் சகலை குனிந்து பார்த்தார். வெளிச்சமும் நிழலும் அவர் பிழைப்பு. கொஞ்ச நேரம் மூடிய அறையை மறந்தார்.

“இது மேகமே இல்ல சகல. மேகம் உசரத்துல இருக்கும். அதோட நிழல் தள்ளிப் போயி வேற எங்கயாச்சும் விழும். இங்க பாருங்க, தள்ளி ஒண்ணுமே இல்ல. நிழல் காலடியிலேயே ஒட்டிட்டு நிக்குது. தரையில நிக்கற பொருளுக்குத்தான் இப்படி விழும். வெள்ளைக் கூரை போட்ட கட்டடம்.”

அதிக வெளிச்சமாக இருந்தால் அந்த மென்பொருளுக்கு எல்லாமே மேகம். வெள்ளைக் கூரையை மேகம் என்று நினைத்து அதுவே அழித்து, பழைய புதரை எடுத்து ஒட்டிவிட்டிருக்கிறது. காப்புக்காட்டுக்குள் கட்டக்கூடாத ஒரு கட்டடம், எட்டு மாதமாக எந்த அதிகாரியின் கண்ணிலும் படாமல் நிற்கிறது.

அங்கே என்னதான் நடக்கிறது, எப்படிப் போவது என்று பார்க்க, பெரிய சகலை மவுஸை நகர்த்தி ஏரிக்கரைச் சாலையைப் பிடித்தார். விரலால் திரையில் வழி தேடினார். கரையோரமாக நேரே ஒரு சாலை. மூன்று வட்டத் தொட்டிகள். அதைத் தாண்டி இடதுபக்கம் ஒரு மண்பாதை. பாதையில் ஒரு வளைவு.

அவர் விரல் நின்றது.

“சகல, இன்னிக்கு மதியம் நாம வர்றப்ப எத்தனை தொட்டியப் பார்த்தோம்?”

“மூணு,” என்றார் சின்னச் சகலை. இடதுபக்கம் மண்பாதையில் திரும்பியதும், வளைவில் காரின் அடிப்பாகம் கல்லில் இடித்ததும், தான் திட்டியதும் எல்லாம் ஞாபகம் வந்தது. பாதை போய் முடிந்த இடத்தில் அந்த வெள்ளை நீள்சதுரம் இருந்தது.

அவர்கள் மேகத்துக்குள்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

சின்னச் சகலை கூரையை அண்ணாந்து பார்த்தார். லிஃப்டில் மாட்டியபோதாவது, எந்தக் கட்டடத்தின் எந்த லிஃப்ட் என்று நாலு பேருக்குத் தெரிந்திருந்தது. இங்கே மனைவிமார் போலீஸுக்குப் போனாலும், போலீஸ் வரைபடத்தைப் பார்த்தாலும், புதர்தான் தெரியும். இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டவனை எவன் வந்து தேடுவான்? கதவுக்கும் அலமாரிக்கும் ஓட்டமும் நடையுமாகப் போய் வந்தார். இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தாறு.

“எத்தனை?” என்றார் பெரிய சகலை திடீரென்று.

“இருபத்தாறு. எத்தனை தடவை நடந்தாலும் அதான் வருது. கூடவே மாட்டேங்குது.”

மென்பொருளில் தூரம் அளக்க ஒரு கருவி இருந்தது. பெரிய சகலை கூரையின் ஒரு முனையில் அமுக்கி மறுமுனை வரை கோடு இழுத்தார். ஐம்பத்திரண்டு மீட்டர் என்றது.

“உங்க ஒட்டகக் காலுக்கு ஒரு எட்டு ஒரு மீட்டர்னே வெச்சுப்போம். அறை இருபத்தாறு மீட்டர். கூரை ஐம்பத்திரண்டு. மீதி எங்க?”

இருவரும் ஒரே சமயத்தில் அலமாரியைப் பார்த்தார்கள்.

மூலையில் ஒரு பழைய நிற்கும் விசிறி இருந்தது. அதைப் போட்டதும் லாரி மேடு ஏறுகிற சத்தம் வந்தது. காவலாளிக்கு வேறெதுவும் கேட்காது. பெட்டிகளை இறக்கினார்கள். ஐம்பது, அறுபது இருக்கும். பெரிய சகலையும் தூக்கினார் என்பதைச் சின்னச் சகலை கவனித்து வைத்துக்கொண்டார். காலி அலமாரியை ஒரு கோடியில் நெம்பித் தள்ளியபோது, அதற்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது. தாழ்ப்பாள் இந்தப் பக்கம்தான். திறப்பதற்கு முன் பெரிய சகலை மூன்று முறை மெதுவாகத் தட்டினார்.

உள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. கம்மிப்போன குரல்.

“அந்தப் படத்தை அவன்கிட்ட குடுத்துட்டீங்களா?”

மேகக்காரிதான். அவளை யாரும் கடத்தவில்லை. மேலாளருக்கு உண்மையிலேயே அவள் எங்கே என்று தெரியாது. ஊரெல்லாம் தேடிவிட்டு, இரண்டு துப்பறிவாளர்களையும் கூட்டி வந்து, அவள் இருக்கிற இடத்துக்கு ஒரு கதவு தள்ளி அவரே பூட்டி வைத்திருக்கிறார். சின்னச் சகலைக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது.

அவள் தரையில் சுவரோடு சாய்ந்திருந்தாள். வலது கணுக்கால் பூசணி மாதிரி வீங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பாட்டில், அடியில் இரண்டு வாய்த் தண்ணீர். அறை முழுக்க உடைத்த பேட்டரிகள், ஓரத்தில் கரிபிடித்த உலை, மூக்கை எரிக்கிற அமில வாடை. மேலாளரின் மாமனார் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை அது. கழுவிய தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியாக நேராக ஏரிக்குப் போகிறது. நகரம் குடிக்கிற ஏரிக்கு.

மேகம் தன் நிழலைத் தொலைத்திருப்பதை அவளும் கண்டுபிடித்திருக்கிறாள். மேலாளரிடம் போய், பட்டறையைக் காலி செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அசல் படம் வெளியே போகும் என்று சொல்லிவிட்டு, மறுநாள் நேரிலும் பார்த்துவிட வந்தாள். பேட்டரி இறக்கும்போது பின்பக்க இரட்டைக் கதவு வழியாக நுழைந்து பரண்மேல் ஒளிந்தாள். அன்றைக்குப் பார்த்து மேலாளர் பயந்துபோய் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆட்கள் இரட்டைக் கதவுக்கு உள்பக்கம் இரும்புச் சட்டம் போட்டார்கள், முன்னறை வழியாக வெளியேறினார்கள், அலமாரியைத் தள்ளி அடைத்தார்கள். அவள் பரணிலிருந்து இறங்கும்போது விழுந்தாள். சட்டத்தைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். கத்தினால் கேட்பது காவலாளி மட்டும். இவர்கள் பேச்சு சுவர் வழியாகக் கேட்டபோதும், யாருடைய ஆட்களோ என்று பயந்து கூப்பிடவில்லை. தகரத்துக்குள் போனில் சிக்னல் இல்லை. அணைத்து வைத்திருந்தாள்.

பெரிய சகலை அவளுக்கு மிச்சத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நேரா போலீஸுக்குப் போகாம மேலாளர்கிட்ட ஏம்மா போனீங்க?”

அவள் பாட்டிலின் மூடியைத் திருகினாள். பிறகு தலை நிமிராமல் சொன்னாள். எவ்வளவு வெளிச்சத்துக்கு மேல் போனால் மேகம் என்று மென்பொருளுக்கு ஒரு எண் கொடுக்க வேண்டும். போன வருடம் மழைக்காலத்தில் வேலை குவிந்து கிடந்தது. மெல்லிய மேகங்களையும் ஒரேயடியாகத் துடைத்துவிடலாம் என்று அவள் அந்த எண்ணை இறக்கினாள். யாரிடமும் சொல்லவில்லை. திரும்ப ஏற்றவும் மறந்தாள். வேறெங்கோ வெள்ளைத் தார்ப்பாய் போட்ட ஒரு கொட்டகை வரைபடத்தில் காணாமல் போனதை முதலில் கவனித்தவர் மேலாளர். அவர் அவளைத் திட்டவில்லை. மாமனாரிடம் பட்டறைக் கூரைக்கு வெள்ளை அடிக்கச் சொன்னார். அவள் போய்க் கேட்டபோது அவரே இதைச் சொல்லிக் காட்டினார்.

“ஒவ்வொரு மேப்புலயும் அடியில என் கையெழுத்து இருக்கு சார். வீட்டுல நான் ஒருத்திதான் சம்பாதிக்கறேன். எண்ணை மாத்தினது அவர்தான்னு நீங்க சொல்லிட்டா என்ன? அவர் பண்ணாத தப்பா?”

சின்னச் சகலை சரி என்று சொல்ல வாயெடுத்தார். அவருக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தவிர, மேலாளர் மேல் எதைப் போட்டாலும் அவருக்குச் சம்மதம்தான். பெரிய சகலை முந்திக்கொண்டார்.

“நாங்க இல்லாததைச் சொல்ல மாட்டோம்மா. இருக்கறதைச் சொல்றதா வேண்டாமாங்கறது உங்க இஷ்டம்,” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

மூன்று மணி நாற்பது.

இரும்புச் சட்டத்தின் ஒரு முனையைப் பெரியவரும் மறுமுனையைச் சின்னவரும் பிடித்தார்கள். மூச்சைப் பிடித்துத் தூக்கியபோது அது கொக்கியை விட்டு வந்தது. அசல் படத்தை எடுத்துப்போக வேறு வழி இல்லாததால், முன்னறைக்குப் போய்க் கம்ப்யூட்டர் பெட்டியையே ஒயர்களிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தார் பெரிய சகலை. சின்னச் சகலை அவளை முதுகில் ஏற்றிக்கொண்டார்.

“இன்னிக்கும் பீரோ எனக்கு, கடிகாரம் உங்களுக்கு,” என்றார்.

அவள் மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். அவர் முதுகில் அது லேசாக அதிர்ந்தது.

இரட்டைக் கதவைத் தள்ளியதும் வெயிலில் கண் கூசியது. கார் முன்வாசலில், காவலாளி அதன் பக்கத்தில். அதனால் பின்பக்கமாகப் புதருக்குள் இறங்கினார்கள். முள் சட்டையைக் கிழித்தது. சின்னச் சகலைக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. தலைக்கு மேல் கூரை இல்லை, அது போதும். முந்நூறு தப்படி நடந்து ஒரு மேட்டில் ஏறிய பிறகு அவள் போனைப் போட்டாள். சிக்னல் ஒரு கோடு வந்தது. சார்ஜ் நாலு சதவீதம்.

பெரிய சகலை போலீஸ் அவசர எண்ணை அழைத்தார். எடுத்தவள் ஒரு பெண். இடத்தைச் சொன்னார். ஏரிக்கரைச் சாலை, மூன்று தொட்டி, இடதுபக்க மண்பாதை, முடிவில் ஒரு கட்டடம். மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

“அங்க கட்டடமே இல்லையே சார். வெறும் புதருதான் காட்டுது. சரியான இடத்தைப் பார்த்துச் சொல்லுங்க,” என்றாள் அவள்.

பெரிய சகலை வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார். அவள் பொறுமையாகத்தான் பேசினாள். ஆனால் அரசாங்க வரைபடத்தில் இல்லாத இடத்துக்கு வண்டி அனுப்ப அவளுக்கு அனுமதி இல்லை. மூன்று சதவீதம். மண்பாதையில் தூசி கிளம்பியது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கார்கள் வளைவில் திரும்பின. முதல் கார் மேலாளருடையது. இரண்டாவதில் யார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சின்னச் சகலை முதுகில் இருந்தவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வெட்டவெளியில் நின்றுகொண்டே ஒரு மனிதன் இப்படி அடைபட முடியும் என்று அவருக்குத் தெரியாது.

பெரிய சகலை போனைச் சின்னவரின் தோளுக்கு மேல் நீட்டினார். முதுகில் இருந்தவள் அதை உடனே வாங்கவில்லை. அவள் விரல்கள் சின்னச் சகலையின் சட்டைக் காலரை இறுக்குவது அவருக்குத் தெரிந்தது. கீழே கார்க் கதவுகள் அறைந்து மூடின. காவலாளி யாரையோ கூப்பிட்டுக் கத்தினான்.

அவள் போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

“மேடம், உங்க முன்னாடி இருக்கற மேப்புல கீழ் மூலையில ஒரு பேர் இருக்கும், பாருங்க. அது நான்தான். அந்த மேப்பு தப்பு. எட்டு மாசமா தப்பு. தப்புப் பண்ணினது நான், வேற யாரும் இல்ல. இப்ப நான் சொல்றதை எழுதிக்கோங்க.”

இரண்டு சதவீதம். மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது, இழுப்பறை திறந்தது, யாரிடமோ பேனா கேட்கும் குரல் கேட்டது.

“சொல்லுங்கம்மா,” என்றாள் அந்தப் பெண்.